மொட்டைமாடியில் இரண்டே பேருக்கு ஓர் ஆட்டம்

சென்னை மொட்டைமாடிகளில் பகலில் வடாம் காயும், சாயங்காலம் வரை துணி காயும். ராத்திரி ஏழு மணிக்கு மேல் பெரும்பாலும் ஆள் நடமாட்டம் இருக்காது. அங்கே ஒரு ப்ரொஜெக்டரை வைத்துக் கணவனும் மனைவியுமாகவோ, காதலிப்பவர்களாகவோ இருவர் மட்டும் உட்கார்ந்து படம் பார்ப்பது பெரிய வித்தை இல்லை. ஆனால் முதல் தடவை செய்பவர்கள் பலரும் தியேட்டரையே மேலே தூக்கிக்கொண்டு வரப் பார்க்கிறார்கள். 150 இஞ்ச் திரை, கல்யாண மண்டபத்து ஸ்பீக்கர் என்று இறங்கினால் திரை கப்பல் பாய் மாதிரி உப்பும், படம் வெளிறிப்போகும், முதல் சண்டைக் காட்சியிலேயே பக்கத்து வீட்டு மாமா மாடியேறி வந்துவிடுவார். இரண்டு பேருக்கு 80 இஞ்ச் தாராளம். கீழே வரும் கணக்கெல்லாம் அந்த அளவுக்குத்தான்.

எந்த மாதம், எத்தனை மணிக்கு

பொங்கல் முடிந்ததிலிருந்து மார்ச் பாதி வரை சென்னை மாடிக்கு நல்ல காலம். மழை அநேகமாக இருக்காது, தரையும் சுடாது. ஏப்ரல், மே மாதங்களில் பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட், ராத்திரி ஒன்பது வரை அதைத் திருப்பிக் கக்கிக்கொண்டிருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பார்க்கலாம், ஆனால் மேற்கே மின்னல் வெட்டினால் அரை மணியில் மழை நம் தலைக்கு மேல் நிற்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது ஒரு வாரம் முன்னதாகத் திட்டம் போடுவது வீண். வானம் தெளிவாக இருக்கிற நாளில் மத்தியானம் முடிவு செய்து மாலையில் பார்த்துவிட வேண்டும்.

சென்னையில் சூரியன் மறைவது ஜனவரி நடுவில் மாலை 6 மணிவாக்கில், மார்ச் நடுவில் 6.20 ஒட்டி, ஜூன் கடைசியில் 6.37 ஒட்டி. மறைந்து 35 நிமிடம் ஆனால் போதும், படம் துலங்கும் அளவுக்கு இருட்டிவிடும். அந்தக் காலத்து டூரிங் கொட்டகைகளில் பொழுது சாய்ந்த பிறகுதான் முதல் ஆட்டம் போட்டார்கள், காரணம் இதேதான். ஜனவரி கடைசியில் 6.45க்குத் தொடங்கலாம். இரண்டரை மணி நேரப் படமும் கால் மணி இடைவேளையும் சேர்த்து 9.30க்கு முடியும். ஜூனில் 7.15க்கு முன் தொடங்க முடியாது, அதே படம் பத்து மணியைத் தொட்டுவிடும். ஆகவே ஜூனில் இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற படமாக எடுங்கள். பத்து மணி ஏன் முக்கியம் என்பதைச் சத்தம் பற்றிய பகுதியில் சொல்கிறோம்.

பௌர்ணமியா என்று யோசித்து நாள் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. தேவையே இல்லை. ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் அளப்பார்கள், முழு நிலவின் வெளிச்சம் அரை லக்ஸ்கூட வராது. படத்தைக் கெடுப்பது நிலா அல்ல, தெருமுனை எல்இடி விளக்கும் எதிர்வீட்டுப் படிக்கட்டு ட்யூப்லைட்டும்தான். திரை கட்டப்போகிற இடத்தில் முந்தைய நாள் இரவு ஏழரை மணிக்குச் செய்தித்தாளைப் பிரித்துப் பாருங்கள். தலைப்பு மட்டும் தெரிந்தால் இடம் சரி. உள்ளே இருக்கிற பொடி எழுத்தும் படிக்க வந்தால் வேறு மூலை தேடுங்கள்.

திரை: எட்டு முழ வேட்டி

மாடிப்படி வந்து முடிகிற அறையின் வெளிச்சுவர் வெள்ளையாக, ஓதம் பூக்காமல், பெயர்ந்து போகாமல் இருந்தால் வேறு திரையே வேண்டாம். சுவரை ஈரத்துணியால் துடைத்துவிட்டு நேராகப் படத்தைப் போடுங்கள். காற்றுக்கு ஆடாத ஒரே திரை அதுதான்.

சுவர் இல்லையென்றால் வேட்டி. மூலைக்கு மூலை 80 இஞ்ச் படம் என்பது 1.77 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம். எட்டு முழ வேட்டி சுமார் 3.7 மீட்டர் நீளம், 1.27 மீட்டர் அகலம். அதை நீளவாக்கில் பாதியாக மடித்தால் 1.85 மீட்டருக்கு 1.27 மீட்டர். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்காரும். கரை மேலேயும் கீழேயும் படத்துக்கு வெளியே போய்விடும். மயில்கண் கரை, பட்டைக் கரை எல்லாம் வேண்டாம், மெல்லிய கரையாகப் பாருங்கள். மடித்து இரட்டையாக்குவதற்குக் காரணம், ஒற்றைத் துணியில் பாதி வெளிச்சம் பின்பக்கம் ஓடிவிடும். பின்வீட்டுக்காரர் உங்கள் படத்தை இடவலம் மாறி இலவசமாகப் பார்ப்பார். நான்கு முழ வேட்டி இரண்டு இருந்தால் ஒன்றின்மேல் ஒன்று போட்டுக்கொள்ளலாம். கஞ்சி போட்டு இஸ்திரி செய்த வேட்டியாக இருக்கட்டும். கசங்கிய துணியில் ஒவ்வொரு சுருக்கமும் நடிகர் முகத்தில் தழும்பாகத் தெரியும்.

கட்டும் விதம்: துணி காயப்போடும் இரும்புக் கம்பங்களுக்கு நடுவே நைலான் கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். தொய்வு ஒரு விரற்கடைகூட இருக்கக் கூடாது. துணிகளுக்கு மாட்டும் கிளிப்பை 20 செ.மீ.க்கு ஒன்றாகப் பத்துப் போடுங்கள். நாலே கிளிப் போட்டால் இடையில் துணி தோரணம் மாதிரித் தொங்கும். அடியில் இரண்டு மீட்டர் நீளத்துக்கு முக்கால் இஞ்ச் பிவிசி குழாய். உள்ளே மணல் நிரப்பி இருமுனையிலும் துணியை அடைத்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோ கனம் வரும். அதில் வேட்டியின் கீழ்க்கரையைச் சுற்றி ஊக்கு குத்துங்கள். குழாயின் இரு முனையிலிருந்தும் சணலை இறக்கி, தண்ணீர் நிரம்பிய 20 லிட்டர் கேன் இரண்டில் கட்டுங்கள். சென்னையில் கேன் இல்லாத வீடு ஏது.

காற்றைக் குறைத்து எடை போட வேண்டாம். இந்த வேட்டி அளவுக்கு, எதிரே மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் அடிக்கும் காற்று ஏறத்தாழ 4 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். வேகம் இரட்டிப்பானால் விசை நாலு மடங்கு, அதாவது 17 கிலோ. 150 இஞ்ச் திரையாக இருந்தால் அந்த இரட்டிப்பு வேகக் காற்று 45 கிலோவுக்குத் தள்ளும், கம்பமே சாயும். கடற்காற்று கிழக்கிலும் தென்கிழக்கிலும் இருந்து வரும் என்பதால், கொடிக்கயிறு கிழக்கு மேற்காக ஓடட்டும். காற்று துணியின் முகத்தில் அறையாமல் பக்கவாட்டில் வழுக்கிப் போகும். திரையின் முகம் வடக்கு அல்லது தெற்கு பார்க்கும், அந்தியில் மேற்கு வானத்து வெளிச்சமும் நேராக அதில் விழாது. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் இதை மீறவே கூடாது. வேளச்சேரி, தாம்பரத்தில் காற்று கொஞ்சம் இறங்கித்தான் வரும். படம் ஓடும்போது திடீரென்று ஓங்கி அடித்தால் கீழ்க்கயிறு இரண்டையும் அவிழ்த்துவிடுங்கள். படம் ஆடும், ஆனால் திரை பிழைக்கும்.

ப்ரொஜெக்டர்: பெட்டியில் போட்ட எண்ணை நம்பாதீர்கள்

கேட்க வேண்டியது ‘ஆன்சி லூமென்ஸ் எவ்வளவு?’ என்பது ஒன்றுதான். லூமென்ஸ் என்பது கருவி தரும் வெளிச்சத்தின் அளவு, ஆன்சி என்பது அதை அளக்க வகுத்த பொது முறை. ‘9000 லூமென்ஸ்’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, ஆன்சி என்ற சொல்லையே சொல்லாத மலிவு ப்ரொஜெக்டர்களில் பல, அளந்தால் 200 ஆன்சிகூடத் தேறாது. தியேட்டர் டிஜிட்டல் திரைக்கு வகுத்த ஒளி அளவு சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. 80 இஞ்ச் திரையில் அதை எட்ட, நல்ல இருட்டில் சுமார் 300 ஆன்சி லூமென்ஸ் போதும். 500 இருந்தால் நகரத்து வெளிச்சத்தையும் சமாளிக்கலாம்.

சின்னத் திரை ஏன் நல்லது என்பது இங்கேதான் புரியும். 300 லூமென்ஸ் 80 இஞ்சில் விழுந்தால் திரையில் 170 லக்ஸ். தெருவிளக்கிலிருந்து 5 லக்ஸ் கசிந்தாலும் படத்தின் வெள்ளை, கறுப்பைப் போல் 34 மடங்கு பளிச்சென்று இருக்கும். அதே ப்ரொஜெக்டரை 150 இஞ்சுக்கு விரித்தால் திரையில் 48 லக்ஸ்தான். அந்த 5 லக்ஸ் கசிவுக்கு எதிரே பத்து மடங்குதான் மிச்சம். கறுப்புத் தலைமுடி சாம்பல் நிறமாகத் தெரிவது அதனால்தான். இந்தக் காரணத்துக்காகவே முழுக்க முழுக்க ராத்திரியில் நடக்கும் பேய்ப்படம், த்ரில்லர் எல்லாம் மாடிக்கு ஒத்துவராது. வெயிலும் வெளிப்புறமும் பாட்டும் நிறைந்த படமாக எடுங்கள்.

வாங்காமல் வாடகைக்கு எடுத்தாலும் சரி. ஆபீஸ், மண்டபங்களுக்குத் தரும் ப்ரொஜெக்டர்கள் 3000 லூமென்ஸுக்கு மேலேயே இருக்கும். 80 இஞ்சுக்கு அது கண்ணைக் கூசும், ஆகவே ஈகோ மோடில் போடுங்கள். விசிறிச் சத்தமும் குறையும்.

தூரத்துக்கு ஒரு கணக்கு. ப்ரொஜெக்டரின் விவரத்தில் ‘த்ரோ ரேஷியோ’ என்று ஓர் எண் இருக்கும். அதைத் திரை அகலத்தால் பெருக்கினால் லென்ஸ் நிற்க வேண்டிய தூரம். 1.2 என்றால் 1.77 பெருக்கல் 1.2, அதாவது 2.1 மீட்டர். 1.5 என்றால் 2.65 மீட்டர். திரைக்கு நேர் எதிரே, படத்தின் கீழ்விளிம்பு மட்டத்தில் லென்ஸ் இருக்கும்படி பிளாஸ்டிக் ஸ்டூலில் வையுங்கள். பெரும்பாலான கருவிகள் அந்த மட்டத்திலிருந்து மேல்நோக்கிப் படம் போடத்தான் செய்யப்பட்டவை. சாய்த்து வைத்துவிட்டு, கோணலை நேராக்கும் கீஸ்டோன் செட்டிங்கில் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள். கீஸ்டோன் படத்தைச் செதுக்கித்தான் சதுரமாக்கும், அந்த அளவுக்குக் கூர்மை போய்விடும். ஸ்டூல் ஆடினால் நாலாக மடித்த அட்டையைக் காலுக்கு அடியில் சொருகுங்கள்.

சென்னைக்கே உரிய ஒரு தொல்லை இது. ஏசி அறையில் இருந்த ப்ரொஜெக்டரை நேராக மாடிக்குக் கொண்டுவந்து போட்டால் படம் பனிமூட்டத்தில் எடுத்த மாதிரித் தெரியும். ஃபோகஸை எவ்வளவு திருகினாலும் தெளியாது. குளிர்ந்த லென்ஸில் புழுக்கக் காற்றின் ஈரம் படிந்திருக்கிறது, அவ்வளவுதான். துடைத்தால் கோடு விழும், உள்பக்கம் படிந்ததைத் துடைக்கவும் முடியாது. படத்துக்கு 40 நிமிடம் முன்பே பையோடு மேலே கொண்டுவந்து, ஆன் செய்யாமல் வைத்துவிடுங்கள். வெளிக்காற்றின் சூட்டுக்குப் பழகிவிடும். பைக்குள் இருக்கும்போது ஈரம் அதன்மேல் நேராகப் படியவும் படியாது.

உட்காருவது

நாற்காலியை விடப் பாய்தான் சரி. கீழே கோரைப்பாய், மேலே ஜமக்காளம், முதுகுக்கு இரண்டு திண்டு. திண்டு சாய ஏதாவது வேண்டும் இல்லையா, தண்ணீர்த் தொட்டிச் சுவரோ படிக்கட்டு அறைச் சுவரோ பொருத்தம். கைப்பிடிச் சுவரில் சாய்ந்தால் உயரம் ஒரு மீட்டராவது இருக்கிறதா, காரை பெயர்ந்து ஆடுகிறதா என்று பகலிலேயே பார்த்துவிடுங்கள். அதன் மேல் ஏறி உட்காருவது எந்த டேட்டிலும் வேண்டாம்.

கண்ணுக்கும் திரைக்கும் 2.4 முதல் 2.7 மீட்டர். தியேட்டரில் நடுவரிசையில் உட்கார்ந்த மாதிரித் திரை கண்ணை நிறைக்கும். பாயில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து 75-80 செ.மீ. உயரத்தில் இருக்கும். படத்தின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 50 செ.மீ. என்று வைத்தால் கழுத்து வலிக்காது. நாற்காலி போட்டே ஆகவேண்டும் என்றால் 80 செ.மீ.க்கு ஏற்றுங்கள்.

இப்போது ப்ரொஜெக்டர் 2.1 மீட்டரில், நீங்கள் 2.7 மீட்டரில். கருவி உங்கள் காலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பலர் இங்கே ஆளுக்கொரு பக்கம் பிரிந்து உட்கார்ந்து ப்ரொஜெக்டருக்கு நடு இடத்தைக் கொடுத்துவிடுவார்கள். பெண்பார்க்கும் படலம் மாதிரி இருக்கும். ப்ரொஜெக்டர் நடுவிலேயே இருக்கட்டும், நீங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பக்கமாக 40 செ.மீ. தள்ளி உட்காருங்கள். அந்தச் சின்னக் கோணத்தில் படம் ஒன்றும் கோணாது. சூடான காற்று வெளியேறும் துவாரம் எந்தப் பக்கம் என்று பார்த்து அதற்கு எதிர்ப்பக்கம் உட்காருவது புத்திசாலித்தனம்.

சத்தம்

திறந்தவெளியில் ஒலி, தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். இதை உங்களுக்குச் சாதகமாகத் திருப்பலாம். ஸ்பீக்கரைத் திரைக்கு அடியில், மூன்று மீட்டர் தள்ளி வைத்து உங்கள் காதுக்கு 65 டெசிபல் கேட்கும்படி வைத்தால், 12 மீட்டரில் இருக்கிற பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு 53 டெசிபல் போகும். அதே ஸ்பீக்கரை உங்கள் பக்கத்தில் முக்கால் மீட்டரில் வைத்து அதே 65 வைத்தால், அங்கே 41தான் போய்ச் சேரும். உங்களுக்கு ஒரு குறையும் இல்லை, அவருக்கு நியூஸ் சேனல் நிம்மதியாகக் கேட்கும். சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர் இரண்டை ஜோடியாக இணைத்து, பாயின் இருபக்கமும் ஒவ்வொன்று வையுங்கள்.

சட்டப்படி 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வரம்பு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 வரை. அந்த நேரத்தில் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பத்தைத் தாண்டும் என்றால் இருவரும் ஹெட்போனுக்கு மாறிவிடுங்கள். ஒரே ஜாக்கை இரண்டாகப் பிரிக்கும் ஒயர் ஸ்ப்ளிட்டர் இருந்தால் போதும்.

ப்ளூடூத்தில் வரும் வழக்கமான கோளாறு, உதடு முன்னால் போகும், வசனம் பின்னால் வரும். கால் விநாடித் தாமதம்கூட எரிச்சல்தான். ப்ரொஜெக்டர் செட்டிங்கில் ஆடியோ டிலே இருந்தால் அதில் சரிசெய்யுங்கள். லேப்டாப்பில் விஎல்சி ப்ளேயரில் ஓட்டினால் ஆடியோ டிராக் ஒத்திசைவை 50 மில்லி விநாடி வீதம் மைனஸில் இறக்கிக்கொண்டே வாருங்கள். கதவு சாத்தும் காட்சியை வைத்துப் பார்த்தால் சுலபம். எதுவும் சரிவரவில்லையென்றால் 3.5 எம்எம் ஒயரைக் குத்துங்கள், பிரச்சினை அத்தோடு முடிந்தது. பல்லாவரம், மீனம்பாக்கம் வாசிகளுக்கு விமானச் சத்தத்துக்கு மருந்து இல்லை. சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

கரண்டும் படமும்

எல்இடி ப்ரொஜெக்டர் 60-100 வாட், லேப்டாப் 60, ஒரு ஃபேன் 55. எல்லாம் சேர்ந்து 220 வாட்டைத் தாண்டாது, சாதாரண 6 ஆம்பியர் ப்ளக் தாங்கும். கவனிக்க வேண்டியது ஒயர். மூன்று கோர் உள்ள, எர்த் பின்னோடு கூடிய எக்ஸ்டென்ஷனாக இருக்கட்டும். சுருளை முழுக்கப் பிரித்துவிடுங்கள், சுருண்ட ஒயர் சூடாகும். ப்ளக்கும் பாக்ஸும் சேருமிடம் தரையில் கிடக்கக் கூடாது, கவிழ்த்த பக்கெட் மேல் வையுங்கள். வெயிற்காலத்தில் தரையைக் குளிர்விக்கத் தண்ணீர் தெளித்திருப்பீர்கள், அந்த ஈரம் போய்ச் சேருமிடம் அதுவாகத்தான் இருக்கும். வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சாதனம்) இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை அன்றைக்கு ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். அபார்ட்மென்டில் மோட்டார் பாயின்டிலிருந்து கரண்ட் எடுப்பதாக இருந்தால் செக்ரட்டரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், அது எல்லோருக்கும் பொதுவான மீட்டர். மாடிச் சாவி வாங்கும்போதே கேட்டுவிடலாம்.

பவர் பேங்கில் ஓட்டலாம் என்பவர்களுக்கு: 20,000 எம்ஏஎச் என்பது 74 வாட்-மணி. நஷ்டம் போகக் கையில் வருவது 63 அளவுக்கு. 40 வாட் இழுக்கும் கருவிக்கு அது ஒன்றரை மணி நேரம். இடைவேளை முடிந்து கதை சூடுபிடிக்கிற இடத்தில் திரை இருளும்.

ஓடிடி படத்தை மொபைலிலிருந்து ஸ்க்ரீன் மிரரிங் செய்தால் பல ஆப்களில் சத்தம் மட்டும் வந்து படம் கறுப்பாக நிற்கும். கருவி கெட்டுப்போகவில்லை, காப்புரிமைப் பூட்டு அப்படி. ஹெச்டிஎம்ஐயில் குத்தும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் அதற்கு நேர்வழி. அடுத்தது இணையம். இரண்டு மாடி கீழே இருக்கும் ரூட்டரின் சிக்னல் கான்கிரீட்டைத் துளைத்து வரும்போது பாதி செத்திருக்கும். படிக்கட்டு வாசலில் ரூட்டரை வைக்க முடிந்தால் வையுங்கள். மொபைல் ஹாட்ஸ்பாட் என்றால் ஹெச்டி தரத்துக்கு மணிக்கு 2-3 ஜிபி போகும். நாளுக்கு 2 ஜிபி ப்ளானில் ஹீரோயின் அறிமுகத்தோடு டேட்டா காலி.

பென்டிரைவில் போட்டுக் கொண்டுவந்தால் நிம்மதி, ஆனால் மூன்று இடத்தில் இடறும். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது. டால்பி, டிடிஎஸ் ஒலி உள்ள ஃபைலில் மலிவு ப்ரொஜெக்டர்கள் படத்தைக் காட்டும், சத்தம் வராது. தமிழ் சப்டைட்டில் ஃபைலை யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கவில்லையென்றால் எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாக வரும். மூன்றையும் முந்தைய நாள் வீட்டுச் சுவரில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எந்தப் படம் என்பதையும் அன்றைக்கே முடிவு செய்யுங்கள். ஒருவர் மூன்று படம் சொல்ல, மற்றவர் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது தகராறில்லாத முறை. பாயில் உட்கார்ந்த பிறகு ரிமோட்டை வைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தால் அரை மணி போகும், பாதிப் பேர் ட்ரெய்லர் பார்த்துவிட்டுத் தூங்கிவிடுவார்கள்.

சூடும் கொசுவும்

மார்ச்சுக்குப் பிறகு ஐந்து மணிக்கு ஒருமுறை, ஆறு மணிக்கு ஒருமுறை தரையில் தண்ணீர் ஊற்றிப் பெருக்குங்கள். ஒரு தடவை ஊற்றினால் உடனே ஆவியாகிப் புழுக்கம்தான் மிஞ்சும், இரண்டாவது தடவைதான் சூட்டை இறக்கும். ஏழு மணிக்குள் தரை காய்ந்திருக்க வேண்டும்.

கொசுவர்த்திச் சுருளை ப்ரொஜெக்டருக்கும் திரைக்கும் நடுவில் வைத்தால் ஒளிக்கற்றையில் புகை சுழலும், படம் சாம்பல் பூத்த மாதிரி ஆகும். ஃபேன்தான் உண்மையான மருந்து. கொசு பறப்பதில் நோஞ்சான், எதிர்க்காற்றில் நிலைகொள்ளாது. கொசு அதிகம் தேடி வருவது காலைத்தான் என்பதால் பெடஸ்டல் ஃபேனை இறக்கி, கால்மாட்டில் பக்கவாட்டாக ஓடவிடுங்கள், காற்று திரைக்குப் போகக் கூடாது. விரட்டி க்ரீமைப் படத்துக்குக் கால் மணி முன் கை கால்களில் தடவிவிட்டு உள்ளங்கையைக் கழுவிவிடுங்கள், அடுத்து சுண்டல் இருக்கிறது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் ஈசல் கிளம்பினால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. லென்ஸைச் சுற்றி மொய்க்கும். அன்றைக்கு வீட்டுக்குள்ளேயே பாருங்கள்.

கொறிக்க

இருட்டில் சாப்பிடப்போகிறீர்கள். குழம்பு, சட்னி, எலும்பு உள்ள எதுவும் வேண்டாம். முறுக்கு வேண்டாம் என்று சொல்ல மாட்டோம், ஆனால் மெல்லிய வசனத்தில் கடித்தால் வசனம் போச்சு. மெரினாவில் விற்கும் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் இந்த ராத்திரிக்குக் கச்சிதம்.

வெள்ளைப் பட்டாணி 100 கிராம், எட்டு மணி நேரம் ஊறட்டும். காலையில் ஊறப்போட மறந்திருந்தால் கொதிக்கிற தண்ணீரில் ஒரு சிட்டிகை சோடா உப்போடு இரண்டு மணி நேரம். குக்கரில் உப்புப் போட்டு இரண்டு விசில். விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும், தானாகக் குழையக் கூடாது. குழைந்தால் சுண்டல் மசியலாகிவிடும். தண்ணீரை ஒட்ட வடித்து, ஒரு டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, ஒரு காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துப் பட்டாணியைக் கொட்டிப் புரட்டி இறக்குங்கள். பொடியாக நறுக்கிய மாங்காய் இரண்டு மேசைக்கரண்டியும், துருவிய தேங்காய் அதே அளவும் தனி டப்பாவில் மேலே வரட்டும். அடுப்பில் சேர்த்தால் மாங்காய் துவண்டுவிடும். தேங்காயை முன்கூட்டியே கலந்தால் சென்னைப் புழுக்கத்தில் சீக்கிரம் நாறும். உட்கார்ந்த பிறகு கலந்து, கூம்பு மடித்த பேப்பரில் போட்டால் கை ஒட்டாது, பாத்திரமும் உருளாது. அச்சடித்த செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். வெள்ளைத் தாள் எடுங்கள்.

இடைவேளைக்கு முட்டை பப்ஸ், ஃபிளாஸ்கில் சுக்கு காபி. ஜனவரி ராத்திரியில் பனி இறங்கும், தலையில் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். ஜமக்காளம் தொட்டால் சில்லென்று இருக்கும், வேட்டியும் ஈரம் குடித்துத் தொய்யும். கயிற்றை இடைவேளையில் ஒருமுறை இழுத்துக் கட்டினால் கடைசிவரை நிற்கும்.

மழை வந்தால், முடிந்தால்

மேற்கிலிருந்து திடீரென்று குளிர்ந்த காற்று அடித்தால் ஐந்து நிமிடம்தான் அவகாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கீழ்வீட்டு ஸ்விட்சை அணையுங்கள், ஈரக்கையோடு பாக்ஸைத் தொடாதீர்கள். பிறகு ப்ரொஜெக்டர், லேப்டாப், ஸ்பீக்கர். பாயும் திண்டும் அடுத்து. வேட்டி நனைந்தால் ஒன்றும் இல்லை, அது வேட்டிதானே. இடி கேட்கிறது என்றால் அதையும் விட்டுவிட்டு இறங்கிவிடுங்கள்.

மழை இல்லாமல் படம் முடிந்தால் ப்ரொஜெக்டரை ரிமோட்டில் அணைத்து, உள்ளே விசிறி தானாக நிற்கும்வரை ப்ளக்கைப் பிடுங்காமல் விடுங்கள். பல்பு போட்ட பழைய மாடல்களுக்கு இது கட்டாயம், சூட்டோடு பிடுங்கினால் பல்பின் ஆயுள் குறையும். அந்த நேரத்தில் சிந்திய பட்டாணியைப் பெருக்கிவிடலாம். விட்டுவைத்தால் காலையில் காக்கைக் கூட்டம், அதன் பின்னால் மூன்றாவது மாடி மாமியின் கேள்வி. பனியில் நனைந்த வேட்டியை மடித்து வைத்தால் இரண்டே நாளில் கறுப்புப் புள்ளி விழும். அதே கொடியில் விட்டுவிட்டு, காலையில் வெயில் பட்டதும் எடுங்கள். சாவியை வாட்ச்மேனிடம் அன்றிரவே கொடுத்துவிட்டால் அடுத்த வாரமும் கேட்கலாம்.